சத்த பாஸ்

கெட்ட சத்தத்தைத் தேடித் தேடிக் கேட்பதுதான் என் தொழில். நல்ல சத்தம் வந்துவிட்டால் எனக்கு அங்கே வேலையில்லை.

கீபோர்ட்டில் ஒரு கட்டையை அழுத்தினால் வீணை கேட்கிறது, ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு அதே கட்டையை அழுத்தினால் நாதஸ்வரம் கேட்கிறது அல்லவா? உள்ளே வீணையும் இல்லை, நாதஸ்வரக்காரரும் இல்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ வாசித்ததைச் சுரம் சுரமாகப் பதிவுசெய்து கம்பியூட்டருக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அடைக்கும்போது வேண்டாததும் கூடவே உள்ளே போய்விடும். ஒரு சுரம் மட்டும் தகரம்போல அதிரும். இன்னொன்றுக்குப் பின்னால் கொசு மாதிரி ஒரு விசில் வரும். விரலை எடுத்தால் ‘டக்’ என்று ஒரு சொடுக்கு விழும். இவற்றைக் கண்டுபிடித்து வெட்டி எடுப்பவர்கள் நானும் பஸ்லானும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை இருக்கிறது. நான் தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். பஸ்லான் திகனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என் வயதுக்காரர், கூட்டாளி.

கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இடம் கிடைத்துச் சோறு சாப்பிட்டவர்கள் எல்லாரும் எனக்கு உறவினர்கள்தான். அந்தக் கஷ்டத்தை நீங்களும் பட்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இவற்றைச் சொல்கிறேன்.

தொழில் என்ற கட்டம்

வதிவிடச் சான்றிதழ் எடுக்கக் கிராம சேவகரிடம் போனேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர். என் பெயரைக் கேட்டதும் தமிழிலேயே பேசுவது என்று தீர்மானித்துவிட்டார். பெயர், முகவரி எல்லாம் சுமுகமாக முடிந்தன. தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றது. நான் விளக்கினேன். “வாத்தியம் வாசிக்கும்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பாட்டுப் பாடும்?” அதுவும் இல்லை. “ரேடியோ திருத்தும்?” இல்லை, ரேடியோவுக்குள் வருகிற சத்தத்தை மட்டும் என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். “எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் எந்த நேரமும் ம்ம்ம் எண்டு சத்தம். அது எடுக்க முடியும்?” அதற்கு வேறு ஆள் என்று சொன்னபோது அவர் முகம் உண்மையாகவே வாடிவிட்டது.

நம் ஊரில் கைவேலை தெரிந்தவர் எல்லாரும் பாஸ்தான். வீடு கட்டுகிறவர் மேசன் பாஸ், கதவு செய்கிறவர் வடு பாஸ், தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவர் பைப் பாஸ். கிராம சேவகர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு கட்டத்துக்குள் ‘சத்த பாஸ்’ என்று அழகாக எழுதினார். எழுதி முடித்த பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பொம்பளை பாஸ் நான் இதுவரைக்கும் எழுதினது இல்லை. பரவாயில்லை, சீல் அடிச்ச பிறகு பாஸ்தானே.”

வீணைக்கு மூக்கடைப்பு

கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர் வீணைப் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். எல்லாச் சுரமும் தேன். மத்தியமத்தை அழுத்தினால் மட்டும் ‘ங்ஙீ’ என்று ஓர் அதிர்வு. அந்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டினோம். கொஞ்சம் குறைந்தது. ஸ்பீக்கரைக் கூட்டினால் திரும்ப வந்தது. இன்னும் ஆழமாக வெட்டினோம். ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால் அந்த அதிர்வே இல்லை. உடனே இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: ஹெட்போன் பழுது. புதிது வாங்கினோம். அதிலும் அதிர்வு இல்லை. அதுவும் பழுது என்றார் பஸ்லான். வெட்டி அனுப்பிய வீணையைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர், மத்தியமத்துக்கு மட்டும் ஏன் மூக்கடைத்திருக்கிறது என்று கேட்டார். மறுபடி வெட்டி அனுப்பினோம். இப்போது சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்று பதில் வந்தது.

மூன்றாவது வாரம், கீழ்க் கடையையும் எங்கள் அறையையும் கூட்டித் துடைக்கிற லெட்சுமி அக்கா துடைப்பத்தை எடுக்க வந்தார். அது எங்கள் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருக்கும். நான் மத்தியமத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். அக்கா எட்டி எடுப்பதற்காக அலுமாரிக் கதவில் கையை ஊன்றினார். அதிர்வு நின்றது. கையை எடுத்தார். ‘ங்ஙீ’. மறுபடி ஊன்றினார், நின்றது. அக்கா குப்பைக் கூடையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து, நாலாக மடித்து, கதவிடுக்கில் செருகினார். துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“கத்துறது அலுமாரி. அதுக்கு அந்த வீணைய ஏன் தங்கச்சி இத்தன நாளா போட்டு வதைக்கிறீங்க?”

பழசும் பழுதும்

பல்லேகலயில் வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிற ஓர் இளம் இசையமைப்பாளர் பியானோ ஒன்றைக் கொண்டுவந்தார். பெடலின் கிரீச்சு, வாசித்தவர் மூச்சு விட்டது, நாற்காலி முனகியது எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்றார். ஒரு கிழமை உட்கார்ந்து எண்பத்தெட்டுக் கட்டையையும் கண்ணாடி மாதிரி துடைத்துக் கொடுத்தோம். நன்றி சொல்லிக் கொண்டுபோனார். அடுத்த மாதம் அவருடைய பாட்டைக் கேட்டேன். நாங்கள் துடைத்த பியானோவின் மேல், பழைய இசைத்தட்டில் ஊசி உரசுகிற கரகரப்பை அள்ளிப் போட்டிருந்தார். நாங்கள் எடுத்ததைவிட அது கூடுதல். போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை:

“அக்கா, சத்தம் பழசா இருக்கணும், ஆனா பழுதா இருக்கக் கூடாது.”

சுத்தமான தம்புரா

நடராசா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, கண்டியில் பல காலமாகக் குடியிருப்பவர். மகளின் நடன அரங்கேற்றத்துக்குக் கம்பியூட்டர் தம்புராதான் சுருதி. லெப்டொப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“பிள்ளை, இதுக்குள்ளை ஒரு கிர்ர் எண்டு சத்தம் வருது. அதை எடுத்துவிட வேணும்.”

“சேர், அந்தக் கிர்ர்தான் தம்புரா. தந்திக்குக் கீழ நூல் வச்சு வேணும்னேதான் அத வரவைக்கிறாங்க.”

“ஓம், அது உண்மைத் தம்புராவுக்கு. இது கம்பியூட்டர்தானே. இதுக்கேன் நூல்?”

அவர் வாழ்நாள் முழுவதும் சுற்றறிக்கை எழுதியவர். அவருடன் வாதம் செய்து வென்ற ஆசிரியர் எவரும் மத்திய மாகாணத்தில் இல்லை என்று கேள்வி. நான் எடுத்துக் கொடுத்தேன். கிர்ர் போனது. மிஞ்சியது தெருமுனையில் இருக்கிற டிரான்ஸ்போர்மர் மாதிரி ஒரே ‘ம்’. பயன்படாது என்று தெரிந்துதான் பழையதை அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன். ஒத்திகை நடந்த மறுநாளே சேர் மாடிப்படி ஏறி வந்தார். பாட வந்த அம்மா சுருதி எங்கே என்று இரண்டு தரம் கேட்டாராம். மிருதங்கக்காரர் எழுந்துபோய்க் கரண்ட் ஒழுகுகிறதா என்று சுவிட்சைப் பார்த்தாராம். சேர் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“பிள்ளை, சத்தம் இப்ப நல்ல சுத்தமாக் கிடக்குது. ஆனால் தம்புராவைக் காணேல்லை.”

நிற்காத மேளம்

இது என் பிழை. ஒளிக்காமல் சொல்கிறேன்.

கம்பளையைச் சேர்ந்த அன்டன் கல்யாணங்களுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவர். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த கெட்டிமேளத்தை ஒரே கட்டையில் வைத்திருந்தார். அழுத்தினால் முழங்கும், விரலை எடுத்தால் நிற்கும். ஆனால் நிற்கும்போது கடைசியில் ஒரு ‘டக்’. அதை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். நிற்கவேண்டும் என்பதற்கான குறியும் அந்த டக்கோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது எனக்குத் தெரியாது. அழுத்திப் பார்த்தேன், பிரமாதமாக முழங்கியது. விரலை எடுத்துப் பார்ப்பதற்குள் பாத்திரக் கடையில் யாரோ கூப்பிட்டார்கள், அழுத்தியபடியே கம்பியூட்டரை மூடிவிட்டுப் போய்விட்டேன். அன்டன் சந்தோஷப்பட்டு, அடுத்த கல்யாணத்துக்கு என்னையும் சாப்பிட வரச் சொன்னார். போனேன்.

கண்டி மண்டபம், நிறைந்த சபை. ஐயர் கையைக் காட்ட அன்டன் அழுத்தினார். மாப்பிள்ளை தாலி கட்டினார். முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. ஐயர் போதும் என்று சைகை செய்தார். அன்டன் விரலை எடுத்தார். மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. அன்டன் இரண்டு கையையும் பொலிஸைக் கண்டவர் மாதிரி மேலே தூக்கிக் காட்டினார். அப்போதும் முழங்கியது. கெட்டிமேளம் நிற்கும்வரை அட்சதை போடவேண்டும் என்று சனத்துக்குப் பழக்கம். போட்டார்கள். நிற்கவில்லை, மறுபடி போட்டார்கள். அரிசி தீர்ந்ததும் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துப் போட்டார்கள். மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவே முடியாமல் இருந்தார். பெண்ணுக்குச் சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுடைய ஒரே ஒரு முகூர்த்தம் என் கையால் கெட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, மேடைக்குப் பின்னால் ஓடி, அலங்காரத் துணிக்குள் புகுந்து, ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தேன். மண்டபம் அமைதியானது. துணிக்கு வெளியே தலையை நீட்டியபோது, முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா காலியான தட்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

“அரிசியும் முடிஞ்சிருச்சு, பூவும் முடிஞ்சிருச்சு. இன்னும் எத்தன தடவதான் இவங்கள வாழ்த்துறது?”

ஓர் அடியின் வால்

என் சித்தப்பா தெல்தோட்டையில் தோட்ட வேலை செய்கிறவர், திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவர். அவருடைய தப்பைக் கம்பியூட்டர் வாத்தியமாக்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பஸ்லானும் மைக்கைத் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளைகள் இல்லாத நாள் என்பதால் பிள்ளைக் காம்பரா காலியாக இருந்தது. தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. சித்தப்பா தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். மெதுவாக ஒரு அடி, கொஞ்சம் பலமாக ஒரு அடி, இன்னும் பலமாக ஒரு அடி. ஒவ்வொன்றுக்கும் பிறகு சத்தம் முழுவதும் அடங்கும்வரை மூச்சு விடாமல் நிற்கவேண்டும். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து தரம் அடிக்கச் சொன்னோம். தாளமே இல்லாமல் காலையிலிருந்து ஒற்றை அடியாக அடித்துக்கொண்டிருந்தால் எந்தக் கலைஞனுக்குத்தான் பொறுக்கும்? ஏதோ ஓர் அடிக்குப் பிறகு, அது முற்றாக அடங்குவதற்கு முன்னால், பசியில் வாய்க்குள்ளேயே “போதுமா?” என்று கேட்டிருக்கிறார். வால் பகுதியில் மிகச் சிறிய சத்தம். துடைக்கும்போது என் காதில் விழவில்லை.

அந்தத் தப்பை ஒரு விளம்பர இசையமைப்பாளர் வாங்கினார். தேயிலை விளம்பரம். பச்சை மலை, பனி, சிரித்துக்கொண்டே கொழுந்து எடுக்கிற பெண்கள், கோப்பையும் கையுமாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பின்னணியில் சித்தப்பாவின் தப்பு. இசையமைப்பாளர் சத்தத்தை இறுக்கிப் பிழிந்திருந்தார். அப்படிப் பிழிந்தால் பெரிய சத்தம் அடங்கும், பதுங்கியிருந்த சின்னச் சத்தமெல்லாம் மேலே வந்து நிற்கும். விளம்பரத்தைக் கொம்பனியின் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று அவர் எனக்கு போன் எடுத்தார். “நாலு அடிக்கு ஒருக்கா யாரோ ‘போதுமா, போதுமா’ன்னு கேக்குறாங்க! அதுவும் கரெக்ட்டா அந்தப் பொம்பளைங்க சிரிக்கிற இடத்துல! பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனா கூட இருந்த ஒருத்தர் மொழிபெயர்த்துட்டார்.”

ஒரு மணித்தியாலத்தில் எடுத்து அனுப்பினேன். என் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் செய்த வேலை வேறில்லை. எடுத்த துண்டை மட்டும் தனியாகச் சில தரம் போட்டுக் கேட்டேன். பஸ்லான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். விளம்பரம் டிவியில் வந்தபோது சித்தப்பா லயத்து வீடுகளில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். அடுத்த முறை ஊருக்குப் போனபோது நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அன்னைக்கு முழுக்க நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதையும் அழிச்சிட்டுத்தான் போட்டாங்களா?”

இடது பக்கம்

கொஞ்ச நாளாக எந்த வாத்தியத்தைத் திறந்தாலும் மேலே ஒரு மெல்லிய விசில் கேட்டது. புல்லாங்குழலில் கேட்டது, வயலினில் கேட்டது, மேளத்தில்கூடக் கேட்டது. எல்லாவற்றிலும் அதை வெட்டினேன். பஸ்லான், தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். அவர் காதைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டேன். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக, சத்தம் எல்லாம் போர்வை மூடிய மாதிரி இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் ஸ்பீக்கர்களைப் பற்றியும் கவலைப்பட்டேன். ஒரு நாள் கம்பியூட்டரை நிறுத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். விசில் போகவில்லை.

யாருக்கும் சொல்லாமல் காது டொக்டரிடம் போனேன். ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார் பரிசோதிக்கிற பெண். பழக்கதோஷம், நான் கூண்டிலிருந்தே அவருக்குச் சொன்னேன்: “மிஸ், உங்க மெஷின்ல இடப்பக்கம் ஒரு விசில் இருக்கு. நீங்க விரும்பினா நானே எடுத்துத் தாறேன்.” அவர் இன்னும் மெஷினைப் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. டொக்டர் படத்தைக் காட்டினார். இடது காதின் கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்த பஸ் மாதிரி இறங்கியிருந்தது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், விசிலுக்குப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். தோட்டத்திலிருந்து படித்து வந்து நான் சம்பாதித்த சொத்து இந்த இரண்டு காதுதான். கண்டி வாவியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் மறைத்தேன். பஸ்லானிடம் சொன்னால் அவர் வேறு ஆளைத் தேடவேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் நான் ஊரிலுள்ள வயலின் ஒவ்வொன்றையும் கொன்றுகொண்டிருப்பேன். கடைசியில் டொக்டர் தந்த காகிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எப்போதும் எனக்கு வலது பக்கம் உட்காருகிறவர், கதிரையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து என் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

“வலது நல்லாத்தானே ஈக்குது? இந்தப் பக்கத்த இனி நான் பாத்துக்கொள்றேன். அந்த வயலின மொதல்ல திறங்க, நீங்க வெட்டினதெல்லாம் திரும்பப் போடோணும்.”

கெட்ட சத்தத்தை எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் போதும். அது யாருடைய சத்தம் என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் மிச்ச மாதம் முழுவதும் போய்விடுகிறது.